இருக்கைக்கு வார் உண்டு, தளத்துக்கு இல்லை

ஜூரோங்கில் பொழுது விடிவதற்கு முன்பே வேலைநாள் தொடங்கிவிடுகிறது. தோ குவான், பெஞ்சூரு, ஜாலான் பாப்பான் பகுதிகளில் இருக்கும் ஊழியர் விடுதிகளின் வாசலில் இருட்டு விலகும் முன் லாரிகள் வந்து நிற்கின்றன. கையில் சாப்பாட்டுப் பொட்டலம், தோளில் பை, காலில் பாதுகாப்புக் காலணி என்று ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்தளத்தில் ஏறி அமர்கிறார்கள். புதுக்கோட்டைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் வங்காளதேசத்துக்காரரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்த பிறகு லாரி நகர்கிறது. சற்று நேரத்தில் அது தீவு விரைவுச்சாலையிலோ ஆயர் ராஜா விரைவுச்சாலையிலோ சேர்ந்துகொள்கிறது.

அந்த லாரியில் இரண்டு வகைப் பயணிகள் இருக்கிறார்கள். முன்னால் ஓட்டுநரும் அவர் பக்கத்தில் அமர்ந்திருப்பவரும் இருக்கை வார் அணிந்தாக வேண்டும். அணியாவிட்டால் 120 வெள்ளி அபராதம். ஓட்டுநருக்கு அபராதத்தோடு 3 குற்றப் புள்ளிகளும் விழும். அவர்கள் முதுகுக்குப் பின்னால், ஒரு தகட்டுச் சுவருக்கு அப்பால் அமர்ந்திருப்பவர்களுக்கு வாரும் இல்லை, அபராதமும் இல்லை. ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே வேகம். சட்டம் மட்டும் இரண்டு.

சாலைப் பாதுகாப்பில் கண்டிப்புக்குப் பெயர்போன சிங்கப்பூரில் இது எப்படி வந்தது? யாரோ ஒருவர் வேண்டுமென்றே செய்த அநீதியாக இதைப் பார்த்தால் உண்மை பிடிபடாது. சட்டம் வளர்ந்த வரலாற்றிலேயே இதற்கான விடை இருக்கிறது.

மாட்டு வண்டியிலிருந்து மோட்டார் வரை

சிங்கப்பூர் சாலைகளின் கதையில் தமிழருக்குத் தொடக்கத்திலிருந்தே பங்கு உண்டு. தேக்காவைச் சுற்றியுள்ள தெருப்பெயர்களே அதற்குச் சாட்சி. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்பன அங்கே இருந்த கால்நடைத் தொழிலின் நினைவுச் சின்னங்கள். கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமை. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். நகருக்குத் தண்ணீரும் சரக்கும் சுமந்த மாட்டு வண்டிகளை ஓட்டியவர்களில் இந்தியர்கள் பலர். அந்தக் காலத்துச் சாலை விதிகள் வண்டிக்கு உரிமம், வண்டிக்காரருக்கு அனுமதி, வாடகைக்கு வரம்பு என்ற அளவோடு நின்றன.

1896-இல் முதல் மோட்டார் கார் சிங்கப்பூர் வந்தது. அதன்பின் சட்டத்தின் பார்வை மெல்ல மாறியது. வண்டிக்கு எண் வந்தது. ஓட்டுபவருக்குத் தேர்வும் உரிமமும் வந்தன. வேகம் என்ற சொல் குற்றவியலுக்குள் நுழைந்தது. ஆனாலும் சட்டத்தின் கவலை முழுவதும் ஓட்டுநர் மீதே இருந்தது. அவர் பிறரை இடித்துவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். வண்டிக்குள் இருப்பவரின் உயிரைப் பற்றிச் சட்டம் பேசத் தொடங்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆகின.

ஒரே ஆண்டில் இரண்டு பிறப்புகள்

1961-ஆம் ஆண்டு இந்தக் கதையில் முக்கியமானது. இன்றுவரை சிங்கப்பூர்ச் சாலைகளை ஆளும் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அந்த ஆண்டில் பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. தீவின் மேற்கே சதுப்பு நிலமும் இறால் குட்டைகளுமாகக் கிடந்த ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக மாற்றும் வேலையும் அப்போதுதான் சூடு பிடித்தது. நிதி அமைச்சராக இருந்த டாக்டர் கோ கெங் சுவீயின் கனவு அது. தொடக்கத்தில் ஆலைகள் வரத் தயங்கியபோது, ‘கோவின் முட்டாள்தனம்’ என்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. 1963-இல் தேசிய இரும்பு எஃகு ஆலை அங்கே இயங்கத் தொடங்கியது. 1968-இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது. கேலி அடங்கியது.

ஆலை கட்டினால் ஆள் வேண்டும். அந்த ஆளை ஆலை வாசலுக்குக் கொண்டுசேர்க்க வண்டி வேண்டும். நகருக்கு வெகு தொலைவில் இருந்த ஜூரோங்கின் பெரிய சிக்கல்களில் அதுவும் ஒன்று. 1960-களில் தொடங்கி 1981-இல் நிறைவடைந்த தீவு விரைவுச்சாலை அந்தத் தொலைவைச் சுருக்கியது. கூடவே லாரியின் வேகத்தையும் கூட்டியது. குறுகிய சாலையில் ஊர்ந்து சென்ற லாரியின் பின்னால் உட்கார்ந்து போவது ஓர் அனுபவம். விரைவுச்சாலையில் அப்படிப் போவது முற்றிலும் வேறு.

வார் வந்த கதை

மூன்று இடங்களில் பிடித்துக்கொள்ளும் இருக்கை வாரை 1959-இல் வோல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். 1970-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் வார் அணிவதைக் கட்டாயமாக்கி உலகுக்கு வழிகாட்டியது. சிங்கப்பூர் 1981-இல் முன்னிருக்கைக்கும், 1993-இல் பின்னிருக்கைக்கும் கட்டாயமாக்கியது. பிறகு 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை அல்லது பொருத்தமான பாதுகாப்பு வேண்டும் என்ற விதியும் வந்தது.

இடையில், 1983-இல் குற்றப் புள்ளி முறை அறிமுகமானது. 24 மாதங்களில் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாகப் பறிபோகும். புதிதாக உரிமம் பெற்றவர் முதல் ஆண்டிலேயே 13 புள்ளிகள் வாங்கினால் உரிமம் ரத்து. காசு இருப்பவன் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். புள்ளியை மட்டும் காசு கொடுத்து அழிக்க முடியாது. இந்த முறையின் கூர்மை அங்கேதான் இருக்கிறது.

இந்த விதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். முதலில் சாலையில் நடப்பவரைக் காப்பாற்றச் சட்டம் வந்தது. பிறகு ஓட்டுநரை அவரிடமிருந்தே காப்பாற்ற வந்தது. பிறகு பக்கத்தில் இருப்பவர், பின்னால் இருப்பவர், மடியில் இருக்கும் குழந்தை என்று அதன் கை நீண்டுகொண்டே போனது. ஆனால் அந்தக் கை எப்போதும் ஓர் இருக்கையைத்தான் தேடியது. வாரை மாட்ட இருக்கை வேண்டும். லாரியின் பின்தளத்தில் இருக்கை கிடையாது. இருக்கை இல்லாததால் வார் இல்லை. வார் இல்லாததால் வார் அணியாத குற்றமும் இல்லை.

விதிவிலக்கு வழக்கமானது

சரக்கு வாகனத்தில் ஆள் ஏற்றக் கூடாது என்பதுதான் சட்டத்தின் பொது விதி. வேலைக்குப் போகும், வேலை முடிந்து திரும்பும் ஊழியர்களை அவர்களுடைய முதலாளியின் லாரியில் ஏற்றிச் செல்லலாம் என்பது அதற்குத் தரப்பட்ட விதிவிலக்கு. கட்டுமான இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கருவிகளோடு நாலு பேரும் போய்வர வேண்டிய தேவையை எண்ணிப் பார்த்தால் அந்த விதிவிலக்கில் நியாயம் தெரியும்.

1970-களின் இறுதியில் சிங்கப்பூர் தன் தொழிலாளர் தேவைக்காக மலேசியாவைத் தாண்டி இந்தியா, வங்காளதேசம், இலங்கை, தாய்லாந்து ஆகிய நாடுகளை நோக்கித் திரும்பியது. தமிழ்நாட்டின் காவிரி மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்து சேர்ந்தார்கள். இன்று கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய் இரசாயன ஆலைத் துறைகளில் மட்டும் வேலை அனுமதிச் சீட்டோடு இருப்பவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். நாலு பேருக்காக ஏற்பட்ட விதிவிலக்கு பெருங்கூட்டத்தின் அன்றாட வழக்கமாகிவிட்டது. சட்டத்தின் வாசகம் அதிகம் மாறவில்லை. அதன் பொருள் மாறிவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஜூரோங் விடுதியிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வரும் அதே ஊழியர் தனியார் பேருந்தில், இருக்கையில் அமர்ந்து வருகிறார். அன்று அவர் காசு கொடுக்கும் வாடிக்கையாளர். திங்கட்கிழமை காலையில் அவர் மீண்டும் லாரியின் தளத்தில்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்திலும் துயரம் நேர்ந்தது உண்டு. 2013 டிசம்பர் 8-ஆம் தேதி இரவு, தேக்காவிலிருந்து ஜூரோங்கின் ஜாலான் பாப்பான் விடுதிக்குப் புறப்பட்ட பேருந்தில் அடிபட்டுத் தமிழகத் தொழிலாளி ஒருவர் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன் பின்னர் பேருந்துகள் நிற்கும் இடம், ஊழியர்கள் வரிசையில் ஏறும் முறை என எல்லாம் ஒழுங்குக்குக் கொண்டுவரப்பட்டன. மனம் வைத்தால் ஆயிரக்கணக்கானோரின் பயண ஏற்பாட்டை மாற்றியமைக்க முடியும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டு வாகனங்கள், இரண்டு விடைகள்

2008-ஆம் ஆண்டை ஒட்டிய காலம் இந்த வரலாற்றின் திருப்புமுனை. அப்போது சிங்கப்பூர் இரண்டு வாகனங்களைப் பற்றி யோசித்தது. ஒன்று, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் சிறு பேருந்து. மற்றது, ஊழியர்களை ஏற்றிச் செல்லும் லாரி.

சிறு பேருந்துகளில் பக்கவாட்டில் அமரும் இருக்கைகள் பல இருந்தன. வார் கிடையாது. 2008 முதல் படிப்படியாக, இருக்கைகள் முன்னோக்கி இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் வார் இருக்க வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. பேருந்து உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்துப் பிழைத்தவர்கள். செலவு தாங்காது, இருக்கைகள் குறையும், கட்டணம் ஏறும் என்று கவலைப்பட்டார்கள். அவர்கள் கவலை பொய்யில்லை. அரசு மானியம் கொடுத்து அந்த மாற்றத்தைச் செய்து முடித்தது.

லாரிக்குக் கிடைத்த விடை வேறு. மேலே கூரை வேண்டும், பக்கங்களில் உயரமான தடுப்புக் கம்பிகள் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தளத்தின் பரப்பளவைக் கொண்டு எத்தனை பேரை ஏற்றலாம் என்று கணக்கிட்டு, அந்த எண்ணிக்கையை வண்டியிலேயே எழுதி ஒட்ட வேண்டும் என்றும் ஆனது. இவை பயனற்றவை என்று சொல்வது தவறு. வெயிலும் மழையும் தணிந்தன. வளைவில் ஆள் தூக்கி எறியப்படும் ஆபத்து குறைந்தது. ஆனால் கூரையும் கம்பியும் ஆளை வண்டிக்குள் வைக்குமே தவிர, ஆளை ஓரிடத்தில் பிடித்து வைக்காது.

ஒரே காலம், ஒரே அரசு, ஒரே சாலை. பிள்ளைகளுக்கு இருக்கையும் வாரும். தொழிலாளிக்குக் கூரையும் கம்பியும். பிள்ளைகளுக்குத் தரப்பட்டது அதிகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தொழிலாளிக்குத் தரப்பட்டது போதுமா என்பதே கேள்வி.

விபத்து சொன்ன பாடம்

இந்தப் புதிய விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வருவதற்குள், 2010 ஜூனில் தீவு விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றிச் சென்ற லாரி ஒன்று விபத்துக்குள்ளாகிச் சீன நாட்டுத் தொழிலாளர்கள் மூவர் மாண்டார்கள். கூரை, கம்பி விதிகளுக்கான காலக்கெடு முன்னுக்குக் கொண்டுவரப்பட்டு 2011-இல் நடப்புக்கு வந்தது.

பத்தாண்டு கழித்து, 2021 ஏப்ரல் 20-ஆம் தேதி அதிகாலையில், துவாஸை நோக்கிச் செல்லும் தீவு விரைவுச்சாலையில் 17 ஊழியர்களோடு சென்ற லாரி, நின்றுகொண்டிருந்த டிப்பர் லாரி மீது மோதியது. இந்தியர் ஒருவரும் வங்காளதேசத்தவர் ஒருவரும் உயிரிழந்தார்கள். மற்றவர்கள் காயமடைந்தார்கள். விதிகள் வந்து பத்தாண்டுகள் ஆகியும் இரண்டு உயிர்கள் போயின. 2023 ஜூலையில் அடுத்தடுத்து நடந்த இரண்டு விபத்துகளில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

மோதலின் போது நடப்பது என்ன என்பதை ஜூரோங்கில் கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் வேலை செய்பவர்களுக்கு எளிதாக விளக்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சட்டென்று நின்றால், உள்ளே இருக்கும் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. அந்த வேகம் ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது ஏற்படும் வேகம். வீவக அடுக்குமாடியில் ஐந்து மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வேலை இடத்துச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் கீழ் உயரத்தில் வேலை செய்வதற்கான விதிமுறைகள் 2013-இல் வந்தன. 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை என்றால் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். விழாமல் காக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். தேவைப்படும் இடத்தில் ஹார்னஸ் மாட்டி, அதன் கொக்கியை உறுதியான பிடிமானத்தில் போட வேண்டும். ஆக, 3 மீட்டர் உயரத்தில் ஆளைக் கட்டிப் பிடித்துக் காப்பாற்றுகிறது சட்டம். வேலை முடிந்து அதே ஆள் ஹார்னஸைக் கழற்றி வைத்துவிட்டு லாரியில் ஏறி, 14 மீட்டர் வீழ்ச்சிக்கு ஈடான ஆபத்தில் உட்கார்ந்து விடுதிக்குத் திரும்புகிறார். அவரைப் பிடித்துவைக்க அங்கே எதுவும் இல்லை.

மறுபக்கத்து வாதம்

2021 விபத்துக்குப் பிறகு நாடாளுமன்றத்தில் இந்தப் பொருள் திரும்பத் திரும்ப எழுந்தது. லாரியில் ஆள் ஏற்றுவதற்கு முடிவு கட்ட வேண்டும் என்று நீ சூன் உறுப்பினராக இருந்த லூயிஸ் இங் வலியுறுத்தினார். போக்குவரத்து அமைச்சின் மூத்த துணையமைச்சராக இருந்த டாக்டர் ஏமி கோர் அரசின் நிலையை விளக்கினார். 2023 ஜூலையில் நாற்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்து, தடைக்குக் காலவரையறை கேட்டு அறிக்கை விட்டன. வணிகச் சங்கங்கள் எதிர் அறிக்கை விட்டன. ஆகஸ்டில் அரசு தன் பதிலைச் சொன்னது.

அந்தப் பதிலை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. சிறு நிறுவனம் ஒன்றிடம் ஒரே ஒரு லாரிதான் இருக்கும். ஆளையும் கருவியையும் பொருளையும் அதிலேயே கொண்டுபோகிறது. பேருந்து கட்டாயம் என்றால் பல நிறுவனங்கள் மூடப்படலாம், அங்கே வேலை செய்யும் உள்ளூர்வாசிகளும் வெளிநாட்டவரும் வேலை இழக்கலாம். வீடுகளும் ரயில் பாதைகளும் முடியத் தாமதமாகலாம், செலவு கூடலாம். எல்லாரையும் ஒரே காலைப்பொழுதில் ஏற்றிச் செல்லப் போதிய பேருந்துகளும் ஓட்டுநர்களும் இல்லை. லாரி விபத்துகளில் காயமடைவோர் எண்ணிக்கையும் குறைந்து வருகிறது. இவை அரசும் சங்கங்களும் முன்வைத்த காரணங்கள்.

இவற்றில் ஒவ்வொன்றும் உண்மையான சிக்கலே. ஆனால் இவை எல்லாமே செலவைப் பற்றிய வாதங்கள். லாரித் தளம் பாதுகாப்பானது என்ற வாதம் இவற்றில் எங்கும் இல்லை. வீடும் ரயிலும் குறைந்த செலவில் முடிவதால் கிடைக்கும் மிச்சத்தை ஊரே பகிர்ந்துகொள்கிறது. அந்த மிச்சத்துக்காக ஏற்கப்படும் ஆபத்தை மட்டும் தளத்தில் உட்கார்ந்திருப்பவர் தனியாகச் சுமக்கிறார். பள்ளிப் பேருந்து விஷயத்திலும் இதே செலவுக் கேள்வி எழுந்தது. அங்கே ஊர் தன் பங்கைக் கொடுத்தது.

தண்டனை யார் தலையில்?

தண்டனைகளைப் பொறுத்தவரை சிங்கப்பூர் தொடர்ந்து கடுமையாகி வந்திருக்கிறது. 2019-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தால் முதல் முறைக் குற்றவாளிக்கே 8 ஆண்டு வரை சிறை, கவனமின்றி ஓட்டி மரணம் விளைவித்தால் 3 ஆண்டு வரை சிறை என்றானது. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறையே 2,000 வெள்ளி முதல் 10,000 வெள்ளி வரை அபராதம். 2025 ஜனவரியில் நிறைவேறிய திருத்தம், முதல் முறைக் குற்றவாளிகளுக்கான கட்டாயக் குறைந்தபட்சச் சிறைத் தண்டனையை நீக்கி, வழக்கின் தன்மைக்கு ஏற்பத் தீர்ப்பளிக்க நீதிமன்றத்துக்கு இடம் கொடுத்தது. மறுபக்கம், வேக வரம்பை மீறுவோருக்கான அபராதமும் குற்றப் புள்ளிகளும் 2026 ஜனவரி 1 முதல் உயர்த்தப்பட்டன. 2023-இல் சாலையில் இறந்தோர் 136 பேர். 2024-இல் 142 பேர். எண்ணிக்கை ஏறும்போது சட்டம் இறுகுவது இயல்பு.

இந்தத் தண்டனைகள் அனைத்தும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கைக்குத்தான். ஊழியர் லாரியில் அந்தக் கை பெரும்பாலும் யாருடையது? பல நிறுவனங்களில் ஓட்டுநரும் ஒரு தொழிலாளிதான். காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து லாரியை எடுக்கிறார். பகல் முழுவதும் மற்றவர்களோடு வேலை செய்கிறார். மாலையில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு திரும்புகிறார். கண் சொக்கினால் சிறை அவருக்கு. லாரியில் ஆள் ஏற்றலாம் என்று முடிவு செய்தவர் விரைவுச்சாலையிலேயே இல்லை.

இந்த ஓட்டை அடைபட மெல்லத் தொடங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி 1 முதல், வேலையிடத்தில் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்த ஓட்டுநருக்கு வண்டி எடுக்கும் முன் 30 நிமிட ஓய்வு தர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஓட்டுநர் விழிப்பாக இருக்கிறாரா என்று கவனிக்க அவர் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். மழைத் தடுப்புத் திரை வேண்டும். முன்பு 12,000 கிலோவுக்கு மேற்பட்ட கனரக வாகனங்களுக்கு மட்டும் இருந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, 2024 முதல் 3,501 கிலோவிலிருந்து 12,000 கிலோ வரையிலான லாரிகளுக்கும் விரிக்கப்பட்டு, 2026, 2027-ஆம் ஆண்டுகளுக்குள் பொருத்தி முடிக்கக் கெடு வைக்கப்பட்டது. அந்தக் கருவி லாரியை 60 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாது.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு இங்கே ஓட்டுநரின் காலிலிருந்து உரிமையாளரின் தோளுக்கு நகர்ந்திருக்கிறது. தண்டனைச் சட்டத்தின் வரலாற்றில் இது சிறிய மாற்றம் அல்ல. எதைத் தவிர்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, பொறுப்பும் அவரிடமே இருக்க வேண்டும் என்ற நியாயம் இதில் இருக்கிறது. அதே நியாயம் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தால் இருக்கையும் வாரும் வந்துவிடும்.

வெளியே ஒரு பார்வை

தமிழருக்கு இது புதிய காட்சியும் அல்ல. தமிழ்நாட்டில் திருவிழாவுக்கும் துக்கத்துக்கும் டாடா ஏஸில் ஏறிப் போவது ஊர் வழக்கம். குட்டி யானை என்று செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, அபராதங்கள் பல மடங்கு உயர்ந்தன. வார் அணியாவிட்டால் 1,000 ரூபாய், குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய் வரை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் நடப்புக்கு வந்தன. அங்கே விதி ஏட்டில் இருக்கிறது, வழக்கம் சாலையில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பது அரிது. அதனால்தான், ஊரில் பழகிய கண்ணோடு ஜூரோங் லாரியில் ஏறும் இளைஞருக்கு முதல் நாள் அது பெரிதாகத் தோன்றுவதில்லை. ஊரில் அது ஆண்டுக்கு ஒருமுறை. இங்கே நாளுக்கு இருமுறை.

தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நன்கு அறிந்த வளைகுடாப் பகுதியில், பஹ்ரைன் திறந்த லாரிகளில் ஊழியர்களை ஏற்றுவதை 2009-இல் தடை செய்தது. அங்கும் செலவு கூடும் என்ற குரல் எழாமல் இல்லை. சிங்கப்பூரிலேயே விடுதியிலிருந்து வேலையிடத்துக்குப் பேருந்து அமர்த்தும் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. ஆகவே முடியுமா என்ற கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது. எப்போது, யார் செலவில் என்பதே மிச்சம்.

அதற்கு ஒரே நாளில் தடை விதிக்க வேண்டும் என்பதில்லை. பள்ளிப் பேருந்துக்குச் செய்ததைப் போல ஆண்டு குறித்து, பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கி, சிறியவர்களுக்குக் கைகொடுத்து, படிப்படியாகச் செய்யலாம். அரசு ஒப்பந்தப் பணிகளில் ஊழியர் பயணச் செலவையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லலாம். பக்கத்துப் பக்கத்து விடுதிகளில் இருக்கும் நிறுவனங்கள் பேருந்தைப் பகிர்ந்துகொள்ளலாம். சதுப்பு நிலத்தில் ஜூரோங்கை எழுப்பிய ஊருக்கு இந்தக் கணக்கு விடுபடாத புதிர் அல்ல.

1981-இல் முன்னிருக்கைக்கு வார் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பின்னிருக்கைக்கு வந்தது. 2008 முதல் சிறு பேருந்துக்கு வந்தது. லாரித் தளம் மட்டும் இன்னும் காத்திருக்கிறது. நாளை விடியுமுன் பெஞ்சூருவில் லாரி வந்து நிற்கும். முன்னால் அமர்பவர் வாரை இழுத்து மாட்டுவார். பின்னால் ஏறுபவர் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.